முகம் தெரியாத கேமரா எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரில் தனி வீடுகளுக்கும் சின்ன அபார்ட்மென்ட்களுக்கும் கேமரா பொருத்திக் கொடுக்கும் நம் அல்சூர் வாசகர், இந்த இதழில் உங்கள் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

எங்களுடையது தனி வீடு. கீழே நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். போன வாரம் ராத்திரி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த மகனின் ஸ்கூட்டரை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் நான்கு கேமரா. ஆள் வருவதும் போவதும் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. ஸ்டேஷனிலும் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். எல்லாவற்றையும் 8 மெகாபிக்சலுக்கு மாற்றிவிடலாமா?
– எஸ்.வி., ராமமூர்த்தி நகர்

வண்டி போனதில் வருத்தம், சார். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ராத்திரிப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கவில்லை என்றால் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) பழையதை அழித்துத்தான் புதியதை எழுதும்.

மெகாபிக்சலுக்கு அப்புறம் வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் கேட் கேமரா முதல் மாடி பால்கனிக்கு அடியில், பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் விழும். தொப்பி போட்டவன் வந்தால் தொப்பிதான் விழும். பொருத்துகிறவர்களுக்கு அது வசதியான இடம். மழை படாது, ஒயரும் பக்கத்திலேயே வந்துவிடும். கைக்கு எட்டாத உயரம் என்பதால் வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. ஆனால் முகம் பிடிக்க வேண்டிய கேமரா எட்டு அடிக்கு மேல் போகவே கூடாது. யாராவது தட்டிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள மேலே இன்னொன்று இருக்கட்டும்.

அடுத்தது தூரம். முன்பின் பார்க்காத ஒருவர்கூட ‘இவன்தான்’ என்று அடையாளம் சொல்ல வேண்டுமானால், ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படப் புள்ளி) விழ வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதை 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டரும் கொஞ்சமும் வரும். கேமரா பார்க்கும் அகலம் அதற்குள் இருக்கிறவரைதான் முகம் தேறும். வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் 2.8 எம்எம் லென்ஸ் நூறு டிகிரிக்குமேல் விரித்துக் காட்டும். பத்து அடி தாண்டினாலே அந்த அகலம் வந்துவிடும். 4 எம்எம் என்றால் பதின்மூன்று, பதினான்கு அடி. 6 எம்எம் என்றால் ஏறக்குறைய இருபத்தைந்து அடி. உங்களுடையது முப்பதுக்கு நாற்பது அடி சைட். பால்கனியிலிருந்து ஸ்கூட்டர் நின்ற இடம் இருபது அடியாவது இருக்கும். 2.8 லென்ஸ் அவ்வளவு தூரத்தில் ஆள் வந்தான் என்று காட்டும், யார் என்று காட்டாது.

8 மெகாபிக்சல் போட்டால் அகலவாக்கில் பிக்சல் இரண்டு மடங்காகும். பகலில் அது நிச்சயம் உதவும். ராத்திரியில், அதே அளவு சென்சாரில் பிக்சல்கள் பொடியாகி, ஒவ்வொன்றுக்கும் விழும் வெளிச்சம் குறைந்துபோகும். திருடன் வந்தது ராத்திரியில். அதனால் நான்கையும் மாற்றாதீர்கள். கேட்டுக்கு மட்டும் 4 எம்எம் லென்ஸ் உள்ள கேமரா ஒன்றை வாங்கி, கேட் தூணில் எட்டடி உயரத்தில், ஸ்கூட்டர் நிற்கும் பக்கம் பார்த்து மாட்டுங்கள். பால்கனிக் கேமரா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்தப் பக்கமிருந்து வந்தான், எந்தப் பக்கம் போனான் என்பதை அது சொல்லும்.

இப்போது வெளிச்சம். உங்கள் பதிவில் அவன் கிட்ட வந்த இரண்டு விநாடியில் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. கேமராவின் ஐஆர் விளக்கு (இருட்டில் படம் பிடிக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) நேராக முகத்தில் அடித்ததுதான் காரணம். மெனுவில் ‘ஸ்மார்ட் ஐஆர்’ என்று இருந்தால் போட்டுவிடுங்கள், கிட்ட ஆள் வந்தால் அது ஐஆரைத் தணிக்கும். அதைவிட நல்ல வழி, கேட்டில் ஒரு 9 வாட் எல்இடி பல்பை ராத்திரி முழுக்க எரியவிடுவது. பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூணேகால் யூனிட்தான். கேமரா கலரிலேயே ஓடும், சட்டை என்ன நிறம் என்பது தெரியும். பல்பு கேமராவின் கண்ணில் படாமல், கேமராவுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும்.

பல்பு போட்ட பிறகு செட்டிங்கில் இரண்டு இடத்தைத் தொட்டால் போதும். ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) ஆட்டோவில் இருந்தால் இருட்டில் 1/25 விநாடிக்கு இறங்கிவிடும். நடக்கிற ஆளின் முகம் இழுபடுவது அதனால்தான். 1/50-ல் நிறுத்துங்கள், படம் பிரகாசமாக இருந்தால் 1/100 வைத்துப் பாருங்கள். நம் நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இந்த இரண்டிலும் பல்பு வெளிச்சம் துடிக்காது. அப்புறம் நாய்ஸ் ரிடக்ஷன். பல கேமராக்களில் அது பாதியில் வைக்கப்பட்டு வரும். படத்தில் புள்ளி தெரியாமல் வழவழவென்று இருக்கும், ஆனால் ஆள் நகர்ந்தால் கண்ணும் மூக்கும் கலைந்துவிடும். கொஞ்சம் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்று அதைக் குறையுங்கள்.

கடைசியாக, ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் மகனைத் தெருவிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். ஒருமுறை தொப்பியோடு, ஒருமுறை இல்லாமல். லைவில் பார்க்காதீர்கள், ப்ளேபேக்கில் நிறுத்திப் பாருங்கள். நாள் அதிகம் தாங்கட்டும் என்று பொருத்துகிறவர்கள் பிட்ரேட்டை (ஒரு விநாடிப் படத்துக்குச் செலவிடும் டேட்டா அளவை) அடியோடு குறைத்து வைத்துவிடுவார்கள். லைவில் நன்றாக இருக்கும் முகம் பதிவில் கட்டம் கட்டமாக வரும். 2 மெகாபிக்சலுக்கு, படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில், பிட்ரேட்டாக 2 எம்பிபிஎஸ் கொடுங்கள். ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி எடுக்கும். புதியதையும் சேர்த்து ஐந்துக்கும் 1 டிபி டிஸ்க் எட்டு, ஒன்பது நாள் தாங்கும். இரண்டு வாரத்துக்குமேல் வேண்டுமென்றால் 2 டிபி வாங்குங்கள். தரத்தைக் குறைத்து நாளைக் கூட்டாதீர்கள்.

என் கணவருக்கு நைட் ஷிப்ட். நானும் குழந்தையும் தனியாக இருப்பதால்தான் கேமரா வாங்கினோம். ராத்திரியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் யாருமில்லை. பயந்து பயந்து தூக்கமே போய்விட்டது. இப்போது சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அது சரியா, அண்ணா?
– வாசகி, ஜீவன்பீமா நகர்

சத்தத்தை நிறுத்த வேண்டாம், அம்மா. உண்மையிலேயே யாராவது வரும் நாளில் அதுதானே உங்களை எழுப்ப வேண்டும். பொய்யாக அடிப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

காலையில் ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவின் கண்ணாடியைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு சிலந்தி இழை இருக்கும். இருட்டியதும் ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு அரை அங்குலம் முன்னால் ஒரு இழை ஆடினால், ஐஆர் அதன்மேல் பட்டு, படத்தில் வெள்ளைக் கயிறு ஒன்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போவதாகத் தெரியும். கேமராவுக்கு அது பெரிய அசைவு. பெயின்ட் பிரஷ் ஒன்றை நீளக் குச்சியில் கட்டி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். பூச்சி மருந்தைக் கண்ணாடிமேல் அடிக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டு ராத்திரியில் எல்லாம் மங்கலாகும். கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு நான்கு அடி தள்ளி ஒரு பல்பு போட்டால் பூச்சி பல்பிடம் போய்விடும்.

பிறகு ஆப்பில் ‘மோஷன்’ என்பதை ‘ஹியூமன்’ என்று மாற்றுங்கள். உங்கள் மாடலில் அது இருக்கிறது. அதோடு, கேமரா எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று விரலால் வரைந்து காட்டலாம். தெருவை அந்தக் கோட்டுக்கு வெளியே விடுங்கள். காம்பவுண்டு ஓரத்து நந்தியாவட்டைச் செடியையும் வெளியே விடுங்கள், காற்றில் ஆடும். கேட்டின் உள்பக்கத்திலிருந்து வாசல்படி வரை மட்டும் வைத்து, ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை நேரம் கொடுங்கள். உணர்திறனை நடுவில் வைத்து, கணவர் விடிகாலையில் வரும்போது அடிக்கிறதா என்று பாருங்கள். அவர் கேட்டைத் திறந்து இரண்டு அடி வைப்பதற்குள் அடித்துவிட்டால் போதும். அடிக்கவில்லை என்றால் ஒரு புள்ளி கூட்டுங்கள்.

பகலெல்லாம் படம் நன்றாக இருக்கிறது. பொழுது சாய்ந்து ஏழு மணியானால் பின்பக்கத்துக் கேமரா மட்டும் போய்ப் போய் வருகிறது. கேமராவையே ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் அப்படித்தான்.
– டி.ஆர்., ஸ்ரீராமபுரம்

கேமரா மேல் குற்றமில்லை, ஒயர்தான் காரணம். இருட்டியதும் ஐஆர் எரியும், கேமரா இழுக்கும் கரண்ட் கூடும். டிவிஆர் பக்கத்தில் 12 வோல்ட் இருந்தாலும், மெல்லிய கேபிளில் வீட்டின் பின்பக்கம் வரை போவதற்குள் அது இறங்கிவிடும். கேமரா அணைந்து மறுபடி எழுந்துகொள்ளும். ஐஆர் எரிகிற நேரத்தில் கேமரா முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பதினொன்றுக்குக் கீழே இருந்தால் அதுதான். பின்பக்கத்திலேயே தனியாக ஒரு நல்ல அடாப்டர் கொடுத்தால் அன்றைக்கே தீரும்.

கேபிளை மாற்றுவதாக இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போதே ஒரு துண்டு வெட்டச் சொல்லி, உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டுகிறார்கள். கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஒயரில் மிச்சம் பிடிக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார் ஓனர். வைஃபை கேமரா போதுமா?
– எம்.கே., மடிவாளா

போதும். வாசலைப் பார்க்க ஒன்று, ஹாலில் ஒன்று. வீட்டுக்கு வாங்கும் வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேண்டில்தான் சேரும். ரவுட்டரில் அந்தப் பேண்டை அணைத்து வைத்திருந்தால் கேமரா கண்டுபிடிக்காது. அபார்ட்மென்டில் எல்லோருடைய வைஃபையும் மோதிக்கொண்டு படம் சுற்றினால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போகும் என்பதால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். மெமரி கார்டு ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்டதாக இருக்கட்டும். சாதாரண கார்டு ராப்பகலாக எழுதியே தேய்ந்துவிடும்.

எதிர் ஃபிளாட்டில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்கள். அது நேராக எங்கள் வாசலைப் பார்க்கிறது. கதவைத் திறந்தால் ஹால் வரைக்கும் தெரியும். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள். கேட்டால் “எங்கள் பாதுகாப்புக்கு” என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், ஆஸ்டின் டவுன்

உங்கள் கவலை நியாயமானது. பாதுகாப்புக்கு அவர்களுடைய வாசல் தெரிந்தால் போதும், உங்கள் ஹால் தெரிய வேண்டியதில்லை.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, நம் பெங்களூர்க்காரர். 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர்களின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்றது. அதை எதிர்த்துப் போன மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் வழக்கு அப்படியே அது இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் பார்ப்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு இவை போதும்.

ஆனால் சட்டத்தோடு ஆரம்பிக்காதீர்கள். எதிர் வீட்டாரோடுதான் தினமும் லிஃப்டில் நிற்கப் போகிறீர்கள். “உங்கள் கேமராவில் எங்கள் வீடு எவ்வளவு தெரிகிறது, ஒருமுறை காட்டுகிறீர்களா?” என்று கேளுங்கள். பல சமயம் அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். பொருத்தினவர் வைத்துவிட்டுப் போயிருப்பார். கேமராவைக் கீழே சாய்க்கலாம். சாய்க்க முடியாவிட்டால் மெனுவில் ‘பிரைவசி மாஸ்க்’ இருக்கும். உங்கள் கதவின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தால் அந்த இடம் லைவிலும் வராது, பதிவிலும் வராது. ஐந்து நிமிட வேலை. போட்ட பிறகு உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மறுத்தால் அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள், அதற்கும் பிறகுதான் போலீஸ்.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் எதிர் வாசல் தெரிகிற மாதிரி கேட்டால் நான் பொருத்துவதில்லை. தொழில் செய்கிற மற்றவர்களும் இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நான் ஆபீஸ் போனால் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறார். அம்மாவின் அறையில் இருவருக்குமே தெரியாமல் ஒரு கேமரா வைக்கலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகி, கே.ஆர். புரம்

தெரியாமல் வேண்டாம், அம்மா. ஒரு வீட்டில் இப்படித்தான் மகன் வைக்கச் சொன்னார். மறுமுறை நான் போனபோது பாட்டி அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். புடவை மாற்றக்கூட பாத்ரூமுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார். பாத்ரூமில்தான் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

அம்மாவிடம் கேளுங்கள். ஹாலில், அம்மா பகலில் உட்காரும் நாற்காலியும் வாசல் கதவும் சமையலறைக்குப் போகும் வழியும் தெரிகிற மாதிரி ஒன்று வைத்தால் போதும். சாப்பிட்டாரா, நடமாடுகிறாரா, யார் வந்து போனார்கள், எல்லாம் அதிலேயே தெரியும். படுக்கையறைக்குக் கேமராவுக்குப் பதில் கட்டிலோரம் ஒரு அழைப்பு மணி வையுங்கள். பாத்ரூமிலும் ஒன்று, கீழே விழுந்தாலும் எட்டுகிற உயரத்தில். வேலைக்கு வரும் பெண்ணிடமும் இங்கே கேமரா இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவரும் ஒரு வீட்டின் அம்மாதானே. யாரும் பார்க்கக் கூடாத இடத்தில் ஒரு பெண்ணைத் தெரியாமல் படம் பிடிப்பது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம், அது உங்கள் சொந்த வீடாக இருந்தாலும்.

கேமரா பொருத்திய பையன் பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்திருக்கிறான். “சர்வீஸுக்கு வேணும்” என்கிறான். இருக்கலாமா?
– பி.எல்., விவேக் நகர்

கூடாது. கணக்கு உங்கள் போன் நம்பரில், உங்கள் மெயிலில்தான் இருக்க வேண்டும். அவன் போனில் இருந்தால் உங்கள் வீடு அவன் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இன்றைக்கே மாற்றுங்கள். டிவிஆருக்குள் போய், வேறு யார் பெயரில் யூசர் இருக்கிறது என்று பார்த்து நீக்குங்கள். சர்வீஸுக்கு வரும்போது நீங்களே தட்டிக் கொடுத்தால் போதும்.

பெட்டியில் வந்த பாஸ்வேர்டையே விட்டுவைப்பதும் ஆபத்து. 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான் உலகம் முழுக்கப் புகுந்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே அதனால் முடங்கின. ரவுட்டரில் ‘யுபிஎன்பி’ என்பதை (வெளியிலிருந்து கேமராவுக்கு வழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி) அணைத்து வையுங்கள். புதிதாக வாங்கும்போது, 2025 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் கேமராக்களுக்கு அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

போலீஸில் பதிவு கேட்டார்கள். கொடுத்தேன். அதில் நேரம் நாற்பது நிமிஷம் தள்ளி இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.
– ஆர்.ஜி., அல்சூர்

முதலில் கீழே சொல்லும் படத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் மெனுவில் ‘என்டிபி’ என்பதைப் போட்டு, நேர மண்டலத்தை 5:30 என்று வையுங்கள். இணையத்திலிருந்து அதுவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் நேரம் பின்னால் போனால், டிவிஆருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

பழைய பதிவின் நேரத்தை இனி மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. போன் கடிகாரத்தையும் டிவிஆர் திரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, இவ்வளவு வித்தியாசம் என்று எழுதிக் கொடுங்கள். இப்போதே நேரத்தைச் சரிசெய்துவிட்டால் அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது. படம் எடுத்த பிறகு சரிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தை நசுக்கிவிடும். டிவிஆரிலிருந்து நேராக பென் டிரைவில் எடுத்ததைக் கொடுங்கள். கோர்ட் வரை போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கேட்பார்கள். 2024 ஜூலைக்கு முன்பு பழைய சட்டத்தில் 65பி என்று இருந்தது அது. டிவிஆரையும் அதன் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். வீட்டில் யாருமில்லை. கிளம்பும் முன் கேமராவில் என்ன பார்க்க வேண்டும்?
– எஸ்.எம்., பானசவாடி

டிவிஆர் டிவிக்குக் கீழே இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். உள்ளே வருகிறவன் முதலில் எடுப்பது அதைத்தான். காற்றோட்டமுள்ள பரணோ, பூட்டிய அலமாரியோ நல்லது. ஒரு கேமராவிலாவது தனியாக மெமரி கார்டு இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மொபைல் டேட்டாவில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாக் கேமராவும் தெரிகிறதா, போன வாரத்துப் பதிவு திறக்கிறதா என்று பாருங்கள். யுபிஎஸ்ஸில் ரவுட்டரும் டிவிஆரும் கேமரா அடாப்டரும் மூன்றும் மாட்டியிருக்கின்றனவா? ரவுட்டரை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. உதாரணத்துக்கு, திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு படத்தில் ஆளைப் பார்த்து 112-க்கு அடித்தால், போன் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். உங்கள் ஏரியா ஸ்டேஷனின் லேண்ட்லைன் நம்பரை ஒருமுறை நேரில் போய் வாங்கி, எஸ்டிடி கோடு 080 சேர்த்து உங்கள் போனிலும் வீட்டுக்காரம்மா போனிலும் போட்டு வையுங்கள்.